கை திரும்பி வரும், போல்ட் திரும்பி வராது: ராட்செட் ஸ்பேனரின் வரலாறு

மிதிவண்டி ஓட்டுபவர்கள் எல்லோரும் அறிந்த ஓர் ஒலி உண்டு. இறக்கத்தில் பெடலை மிதிக்காமல் வண்டியை உருளவிடும்போது பின்சக்கரத்திலிருந்து 'டிக், டிக்' என்று எழும் ஒலியே அது. பெடலை முன்னோக்கி மிதித்தால் சக்கரம் சுழல்கிறது. மிதிப்பதை நிறுத்தினாலும், பின்னோக்கிச் சுற்றினாலும், சக்கரம் அதைச் சட்டை செய்யாமல் தன் போக்கில் ஓடுகிறது. ஃப்ரீவீலுக்குள் இருக்கும் சில பற்களும், அவற்றின்மேல் வில்லால் அழுத்தப்பட்டிருக்கும் சிறு நாக்குகளும்தாம் இந்த வேலையைச் செய்கின்றன.

இதே ஏற்பாட்டை ஒரு ஸ்பேனரின் தலைக்குள் வைத்தால் அதுவே ராட்செட் ஸ்பேனர். அதன் கைப்பிடிக்குள் ஒரு மோட்டாரையும் பாட்டரியையும் அடக்கிவிட்டால், இன்று மோட்டார் பட்டறைகளில் புழங்கும் கம்பியில்லா மின் ராட்செட் கிடைத்துவிடும். சொல்வதற்கு இரண்டே வாக்கியங்கள்தாம். ஆனால் முதல் வாக்கியத்திலிருந்து இரண்டாவதற்கு வந்து சேர மனிதனுக்கு ஏறத்தாழ 150 ஆண்டுகள் பிடித்தன. ஏன் அவ்வளவு காலம்? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

மரைக்கு ஓர் அளவு

ராட்செட் என்னும் ஒருவழிப் பற்சக்கரம் மிகப் பழமையானது. இடைக்கால ஐரோப்பாவில் கடிகாரத்தின் எடையை மேலே சுற்றி ஏற்றவும், பெரிய வில்பொறிகளின் நாணை இழுத்துப் பூட்டவும் அது பயன்பட்டது. ஒரு பக்கம் சுற்றினால் நாக்கு பல்லின் சரிவில் வழுக்கிச் செல்லும். மறுபக்கம் திருப்ப முயன்றால் பல்லின் செங்குத்தான முகத்தில் மோதி நின்றுவிடும்.

அப்படியிருந்தும் ஸ்பேனருக்குள் அது உடனே நுழையவில்லை. காரணம், அக்காலத்தில் போல்ட்டும் நட்டும் ஒவ்வொரு பட்டறையிலும் ஒவ்வோர் அளவில் செய்யப்பட்டன. ஒரு பட்டறையின் நட் இன்னொரு பட்டறையின் போல்ட்டில் ஏறாது. ஹென்றி மாட்ஸ்லே என்ற ஆங்கிலேயர் 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் செம்மையாக மரை வெட்டும் கடைசல் எந்திரத்தை அமைத்தார். அவருடைய பட்டறையில் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த், 1841-ல் மரைகளுக்கு ஒரே அளவுத் திட்டத்தை முன்மொழிந்தார். மரையின் கோணம் 55 பாகை என்பது அவர் வகுத்தது. அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864-ல் 60 பாகைக் கோணத்தை முன்வைத்தார். அளவுகள் ஒரு கட்டுக்குள் வந்த பிறகுதான், "இந்தத் தலைக்கு இந்தக் கருவி" என்று செய்து விற்பதில் பொருள் இருந்தது.

ஸ்பேனருக்குப் பல் முளைத்தது

அறுகோணத் தலையுள்ள ஒரு போல்ட்டைச் சாதாரண ஸ்பேனரால் கழற்றுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு முறை திருப்பிய பின் ஸ்பேனரை வெளியே எடுத்து, மீண்டும் மாட்டித் திருப்ப வேண்டும். ஆறு பக்கங்கள் இருப்பதால், மீண்டும் மாட்டுவதற்குக் கைப்பிடி 60 பாகை நகர இடம் வேண்டும். ஸ்பேனரின் வாய் சற்றுச் சாய்வாக அமைந்திருந்தால், அதைப் புரட்டிப் புரட்டிப் போட்டு 30 பாகையில் சமாளிக்கலாம். எஞ்சினின் இடுக்கில் அந்த இடமும் கிடைக்காதபோது என்ன செய்வது?

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் உட்ஸ்டாக் என்னும் ஊரைச் சேர்ந்த ஜே. ஜே. ரிச்சர்ட்சன் இதற்கு விடை கண்டார். மாற்றி மாற்றிப் பொருத்தக்கூடிய சாக்கெட்டுகளைக் கொண்ட ராட்செட் ஸ்பேனருக்கு அவர் 1863 ஜூன் மாதம் காப்புரிமை பெற்றார். இதில் ஸ்பேனரை வெளியே எடுக்கவே வேண்டாம். முன்னே தள்ளினால் போல்ட் திரும்பும். பின்னே இழுத்தால் கைப்பிடி மட்டும் திரும்பி வரும்.

இங்கே ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பாருங்கள். பற்சக்கரத்தில் 24 பற்கள் இருந்தால், ஒரு பல்லைத் தாண்டக் கைப்பிடி 360-ஐ 24-ஆல் வகுத்தால் வரும் 15 பாகை நகர வேண்டும். 72 பற்கள் இருந்தால் 5 பாகை போதும். அப்படியானால் பற்களைப் பெருக்கிக்கொண்டே போகலாமே என்று தோன்றும். ஆனால் அதே அளவுச் சக்கரத்தில் பற்கள் கூடக் கூட ஒவ்வொரு பல்லும் சிறுத்துப் போகும். பளு தாங்காமல் முறியும். ஆகவேதான் நுண்பல் ராட்செட்டுகளில் நாக்கு ஒரே பல்லைப் பிடிக்காமல் பல பற்களைச் சேர்த்துப் பிடிக்கும்படி செய்கிறார்கள். எதைப் பெற்றாலும் அதற்கு ஒரு விலை உண்டு என்பதை இந்தக் கருவியின் வரலாறு நெடுகிலும் காணலாம்.

ஐந்தும் பத்தும் ஐம்பது

மோட்டார் வண்டிகள் பெருகியபோது மெக்கானிக்கின் பெட்டியும் கனத்தது. ஒவ்வோர் அளவுக்கும் ஒவ்வொரு வடிவக் கைப்பிடியுடன் தனித்தனி ஸ்பேனர்கள் தேவைப்பட்டன. 1920-ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஜோசப் ஜான்சன், வில்லியம் சைடமன் என்ற இருவர் 'ஸ்னாப்-ஆன்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் விற்றவை ஐந்து கைப்பிடிகளும் பத்து சாக்கெட்டுகளும் மட்டுமே. எந்தக் கைப்பிடியிலும் எந்தச் சாக்கெட்டையும் 'டப்' என்று மாட்டலாம். ஐந்தைப் பத்தால் பெருக்கினால் ஐம்பது. ஐம்பது கருவிகளின் வேலையைப் பதினைந்து துண்டுகள் செய்தன.

கைப்பிடியின் சதுர முனையில் ஒரு சிறு உருண்டை இருக்கும். அது சாக்கெட்டின் உட்பள்ளத்தில் அமர்ந்து அதை விழாமல் பிடித்துக்கொள்ளும். ஆனால் எண்ணெய் படிந்த கையால் அந்தச் சாக்கெட்டைப் பிடுங்கி எடுப்பது எளிதன்று.

இரண்டு சென்ட் வழக்கு

அந்தத் தொல்லையைத் தீர்த்தவர் பீட்டர் ராபர்ட்ஸ். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சியர்ஸ் நிறுவனத்தின் கடையொன்றில் வேலை பார்த்த 18 வயது இளைஞர். தம் ஓய்வு நேரத்தில் அவர் ஒரு புதிய ராட்செட்டை அமைத்தார். தலையின் பின்புறம் உள்ள பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தினால் உருண்டை உள்வாங்கிக்கொள்ளும். சாக்கெட் தானே கழன்றுவிடும். ஒரு கையே போதும். 1964-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அவர், தம் கண்டுபிடிப்பைத் தாம் வேலை பார்த்த நிறுவனத்திடமே காட்டினார்.

ஒவ்வொரு ஸ்பேனருக்கும் 2 சென்ட் வீதம், மொத்தம் 10,000 டாலருக்கு மேற்படாமல் தருவதாக ஒப்பந்தம் ஆயிற்று. ஐந்து லட்சம் ஸ்பேனர்கள் விற்றால் அந்த வரம்பு எட்டிவிடும். சியர்ஸ் அதை ஒன்பது மாதங்களுக்குள் விற்றுவிட்டது! அத்துடன் உரிமை முழுவதும் நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. 1965-க்கும் 1975-க்கும் இடையில் விற்பனை 1 கோடியே 90 லட்சத்தைத் தாண்டியது.

தம் கண்டுபிடிப்பின் உண்மையான மதிப்பைத் தம்மிடமிருந்து மறைத்துவிட்டார்கள் என்று ராபர்ட்ஸ் வழக்குத் தொடுத்தார். ஜூரிகள் அவருக்குப் பத்து லட்சம் டாலர் தர வேண்டும் என்றார்கள். 1978-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதன் பிறகும் வழக்குகள் நீண்டு, 1989-ல்தான் இரு தரப்பும் சமரசத்துக்கு வந்தன. கருவியை உண்டாக்குவது மட்டும் போதாது; அதன் மதிப்பை அறிந்துகொள்வதும் வேண்டும் என்பதை இளம் கண்டுபிடிப்பாளர்கள் இதிலிருந்து கற்றுக்கொள்ளலாம்.

காற்றும் கம்பியும்

இதுவரை பார்த்த கருவிகளுக்கெல்லாம் மனிதனின் தோளே எஞ்சின். தோளுக்குத் துணையாக முதலில் வந்தது அழுத்தக் காற்று. ஆல்ப்ஸ் மலையில் மோன் செனி ரயில் சுரங்கத்தைக் குடைந்தபோது, 1861-ல் காற்றால் இயங்கும் துளைக்கருவிகள் அங்கே புகுந்தன. சுரங்கம் 1871-ல் திறக்கப்பட்டது. பிற்காலத்தில் தொழிற்சாலைகளிலும் மோட்டார் பட்டறைகளிலும் காற்று ராட்செட் இடம் பிடித்தது. கருவி இலேசானது, சூடாவதும் குறைவு. ஆனால் அதற்குக் கம்ப்ரசர் வேண்டும். எங்கே போனாலும் பின்னால் ஒரு குழாய் இழுபட வேண்டும். மேலும், காற்றை அழுத்தச் செலவிடும் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாக வீணாகிறது.

மின்சாரம் 1895-ல் இத்துறைக்குள் வந்தது. ஜெர்மனியின் ஃபைன் நிறுவனம் கையில் பிடித்து இயக்கும் மின் துளைக்கருவியைச் செய்தது. துப்பாக்கிப் பிடியும் விரலால் இழுக்கும் விசையும் கொண்ட வடிவத்துக்கு, அமெரிக்காவின் பிளாக் அண்டு டெக்கர் நிறுவனம் 1917-ல் காப்புரிமை பெற்றது. இங்கும் கம்பியின் தொல்லை தீரவில்லை.

பாட்டரி சிறுத்த கதை

கம்பியை அறுத்தெறிய நல்ல பாட்டரி வேண்டும். சுவீடன் நாட்டு வால்டமார் யுங்னர் 1899-லேயே நிக்கல்-காட்மியம் மின்கலத்தை உருவாக்கியிருந்தார். 1961-ல் பிளாக் அண்டு டெக்கர் அதைக் கொண்டு கம்பியில்லாத துளைக்கருவியைச் செய்தது. விண்வெளி ஆராய்ச்சியால்தான் கம்பியில்லாக் கருவி பிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியன்று. 1971-ல் அப்போலோ 15 பயணத்தின்போது டேவிட் ஸ்காட் நிலவின் தரையைப் பாட்டரித் துளைக்கருவியால் துளைத்தார் என்பது உண்மையே. ஆனால் அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே பூமியில் அத்தகைய கருவி இருந்தது. 1978-ல் ஜப்பானின் மகிடா நிறுவனமும் நிக்கல்-காட்மியம் பாட்டரியில் ஓடும் துளைக்கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

துளைக்கருவிக்கு இது போதும்; அதன் பிடிக்குக் கீழே பெரிய பாட்டரியைத் தொங்கவிடலாம். ராட்செட்டுக்கு அப்படி முடியாது. அது இடுக்கில் நுழைய வேண்டிய கருவி; பாட்டரி கைப்பிடிக்குள்ளேயே அடங்க வேண்டும். நிக்கல்-காட்மியம் கலம் ஒன்று தருவது 1.2 வோல்ட். 12 வோல்ட் பெறப் பத்து கலங்கள் வேண்டும். லித்தியம்-அயனிக் கலம் ஒன்றே 3.6 வோல்ட் தருகிறது. மூன்று கலங்களை அடுக்கினால் 10.8 வோல்ட், முழுதும் சார்ஜ் ஏறிய நிலையில் 12 வோல்ட்டையும் தாண்டும். பத்துக்குப் பதில் மூன்று! ராட்செட் இத்தனை ஆண்டுகள் காத்திருந்தது இதற்காகத்தான் எனலாம்.

லித்தியம்-அயனிக் கலம் 1991-ல் சோனி நிறுவனத்தின் மூலம் சந்தைக்கு வந்தது. 2003-ல் பாஷ் நிறுவனம் ஒரு சிறு திருப்புளியிலும், 2005-ல் மில்வாக்கி நிறுவனம் 28 வோல்ட் கருவிகளிலும் அதைப் பயன்படுத்தின. கைப்பிடிக்குள் பாட்டரியை அடக்கிய ராட்செட் அடுத்து வந்தது. இக்கலத்துக்கு அடிகோலிய குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-ல் வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

எதை வாங்குவது?

மின் ராட்செட்டினுள் மோட்டார் வேகமாகச் சுழலும். பற்சக்கரங்கள் அந்த வேகத்தைக் குறைத்துத் திருப்புத்திறனைக் கூட்டும். பிறகு மையம் விலகிய ஓர் அச்சு, ராட்செட் தலையை இப்படியும் அப்படியும் விரைவாக ஆட்டும். உங்கள் கை செய்யும் அதே வேலைதான்!

இரண்டு கருவிகளை ஒப்பிடுவோம். 12 வோல்ட் ராட்செட்டுகளில் ஒரு வகை 75 நியூட்டன்-மீட்டர் வரை திருப்புத்திறன் தரும். பளுவில்லாதபோது நிமிடத்துக்கு 200 சுற்று சுற்றும். இன்னொரு வகை 47 நியூட்டன்-மீட்டர் மட்டுமே தரும். ஆனால் 450 சுற்று சுற்றும். எது சிறந்தது? கேள்வியே தவறு. துருப்பிடித்து இறுகிய போல்ட்டுகள் உங்கள் வேலை என்றால் முதலாவது. நீண்ட மரையுள்ள சிறு போல்ட்டுகளை வரிசையாகக் கழற்றி மாட்டுவது வேலை என்றால் இரண்டாவது. பற்சக்கர விகிதத்தை மாற்றி ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும். இது நெம்புகோல் காலத்து விதி.

விளம்பரத்தில் சொல்லாத ஒன்றும் உண்டு. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, போல்ட்டின்மீது கருவி செலுத்தும் திருப்புத்திறன் உங்கள் கையின்மீதும் திரும்பி வருகிறது. 25 செ.மீ. நீளமுள்ள கருவி 50 நியூட்டன்-மீட்டர் தருமானால், அதன் முனையில் உங்கள் கை 200 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 20 கிலோ எடைக்குச் சமமான விசையைத் தாங்க வேண்டும். போல்ட் சட்டென்று இறுகி நிற்கும்போது கைப்பிடி வெட்டித் திரும்பும். அப்போது கைப்பிடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே விரல் இருந்தால் நசுங்கிவிடும். எண்ணைப் பார்த்து மட்டும் கருவி வாங்குபவர் இதை மறந்துவிடக் கூடாது.

ஒரு பாட்டரி எவ்வளவு உழைக்கும்? 10.8 வோல்ட், 2 ஆம்பியர்-மணி என்றால் 21.6 வாட்-மணி, அதாவது 77,760 ஜூல். ஒரு போல்ட்டை 20 சுற்று, சராசரி 5 நியூட்டன்-மீட்டரில் திருப்பினால் ஏறத்தாழ 630 ஜூல் செலவாகும். பாதி ஆற்றல் வெப்பமாகப் போகிறது என்று வைத்துக்கொண்டாலும் 60 போல்ட்டுகளைத் திருப்பலாம்.

அப்படியானால் கை ராட்செட்டின் காலம் முடிந்துவிட்டதா? இல்லை. இறுகிய போல்ட்டின் முதல் பிடியைத் தளர்த்த நீண்ட கைப்பிடியே ஏற்றது. இறுதியாகக் குறித்த அளவுக்கு முடுக்க, அளவு காட்டும் டார்க் ஸ்பேனர் வேண்டும். சிறிய போல்ட் 10 நியூட்டன்-மீட்டரிலேயே நிற்க வேண்டியிருக்கும்போது, 75 தரும் கருவியின் விசையை அழுத்திப் பிடித்தால் போல்ட் முறியும் அல்லது மரை அழியும். நடுவில் வரும் நீண்ட, சலிப்பூட்டும் சுற்றுகளுக்குத்தான் மின் ராட்செட். மணிக்கட்டின் தேய்வை அது குறைக்கிறது; மெக்கானிக்கின் அறிவுக்கு அது மாற்றாகாது.

அடுத்த முறை ஒரு ராட்செட் ஸ்பேனர் உங்கள் கையில் கிடைத்தால், தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு கைப்பிடியை வழுக்கும் திசையில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, எழும் 'டிக்' ஒலிகளை எண்ணுங்கள். 360-ஐ அந்த எண்ணால் வகுத்தால், அது எவ்வளவு சிறிய இடுக்கில் வேலை செய்யும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.