சாவடியிலிருந்து வசதிக் குழு வரை: புதுச்சேரியில் வணிக மத்தியஸ்தம் கடந்து வந்த பாதை

முன்னுரை

புதுச்சேரிப் பழைய நகரத்தின் புல்வார்களுக்கு வெளியே, காமராசர் சாலையை ஒட்டி அமைந்த பகுதி சாரம். அதன் அக்கம்பக்கத்து ஊர்ப்பெயர்களில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும்: தட்டாஞ்சாவடி, எல்லைப்பிள்ளைச்சாவடி. வழிப்போக்கர் தங்கவும் ஊரார் கூடவும் பயன்பட்ட பொதுக் கட்டடத்தைச் சாவடி என்றனர் நம் முன்னோர். பிரெஞ்சுக்காரர்கள் அந்தச் சொல்லை ‘ஷோத்ரி’ என்று எழுதி, தங்கள் ஆட்சியில் இந்தியர்களின் வழக்குகளைக் கேட்ட நீதிமன்றத்துக்குப் பெயராக வைத்தார்கள். இன்று தட்டாஞ்சாவடியில் புதுச்சேரி அரசின் தொழில் வணிகத் துறை இயங்குகிறது. சரக்கு கொடுத்தும் பணம் வராத சிறு தொழில்முனைவோர் சட்டப்படி முறையிடக்கூடிய வசதிக் குழு இத்துறையைச் சார்ந்தது.

இந்த இரண்டு சாவடிகளுக்கும் இடையே மூன்று நூற்றாண்டு வரலாறு உண்டு. வணிகத் தகராறை நீதிமன்றத்துக்கு வெளியே நடுவர் வழியே தீர்ப்பது இந்தியாவுக்கு அண்மையில் வந்த மேலைநாட்டு ஏற்பாடு என்று பலர் எண்ணுகிறார்கள். புதுச்சேரியின் அனுபவம் வேறு. இங்கே மத்தியஸ்தம் முதலில் ஊருக்குள் இருந்தது. ஆனால் அதன் தீர்ப்புக்குச் சட்ட வலிமை போதவில்லை. பிறகு சட்டம் அதற்கு வலிமை சேர்த்தது. சேர்க்கச் சேர்க்க அது ஊரைவிட்டு விலகியது. அருகாமையையும் வலிமையையும் ஒருசேரப் பெறுவதே இன்றைய சீர்திருத்தத்தின் மையப் பணி என்பது இக்கட்டுரையின் வாதம்.

1. சாவடி நீதிமன்றம்

1674-இல் பிரான்சுவா மர்த்தேன் புதுச்சேரியில் குடியேற்றத்தை நிறுவினார். 1701-இல் பிரெஞ்சு அரசாணை ஒன்று இங்கே உயர் மன்றத்தை அமைத்தது. ஐரோப்பியர் வழக்குகள் அங்கே சென்றன. இந்தியர்களின் வழக்குகள் சாவடிக்கு வந்தன. சாவடி மன்றத்தின் 1766 முதல் 1817 வரையிலான தீர்ப்புகளை ழான்-க்ளோத் பொன்னான் தொகுத்துப் பதிப்பித்திருக்கிறார். தமிழ்ச் சமூக வரலாற்றுக்கு அந்தத் தொகுப்பு பெரிய கொடை.

தொடக்க ஆண்டைக் கவனிக்க வேண்டும். 1761-இல் ஆங்கிலேயர் நகரைக் கைப்பற்றி இடித்துத் தரைமட்டமாக்கினர். 1765-இல் அது மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. இடிபாட்டில் வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த அந்தக் காலத்திலேயே கடன், சொத்து, வாரிசு வழக்குகள் மன்றத்தின் ஏடுகளில் பதிவாகத் தொடங்கிவிட்டன.

நீதிபதி பிரெஞ்சுக்காரர், வழக்காடுவோர் தமிழர். இடையே மொழிபெயர்ப்பாளர்களான துபாஷிகள். இந்நிலையில் சாவடி மன்றம் பல வழக்குகளைத் தானே தீர்க்காமல் நடுவர்களிடமும் சமூகத் தலைவர்களிடமும் அனுப்பியது. அவர்கள் கண்ட முடிவைத் தன் தீர்ப்பாக ஏற்றது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியது. துணி வணிகமே நகரின் உயிராக இருந்தது. முன்பணம் வாங்கி நெசவாளரிடம் துணி நெய்வித்துப் பிரெஞ்சு வணிகக் கம்பெனியான கும்பினிக்குக் கொடுக்கும் வணிகர்களுக்கிடையே எழும் கணக்கு வழக்கைத் தீர்க்கத் தமிழ்க் கணக்கும் சரக்கின் தரமும் தெரிந்தவர்கள் வேண்டும். அந்த அறிவு வணிகர்களிடம் இருந்தது. 1736 முதல் 1761 வரை நீளும், துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படிப்பவர்கள், பேச்சும் சமாதானமும் நம்பிக்கையும் அன்றைய வணிகத்தை எவ்வளவு தூரம் தாங்கின என்பதை உணரலாம்.

ஆனால் இந்த முறையைப் பொற்காலமாகப் பாடுவது வரலாற்றுக்கு நியாயமாகாது. நடுவராக அமர்ந்தவர்கள் சாதித் தலைவர்களும் செல்வந்தர்களுமே. வலங்கை, இடங்கைச் சாதிப் பிரிவுகளின் பிணக்கு நகரை அடிக்கடி உலுக்கிய காலம் அது. எளியவருக்கும் பெண்ணுக்கும் அந்த அவையில் எவ்வளவு குரல் இருந்திருக்கும் என்று கேட்காமல் மேலே செல்ல முடியாது.

2. நைனியப்பர் வழக்கு தரும் பாடம்

நடுநிலை தவறினால் என்ன ஆகும் என்பதற்கு இதே நகரில் ஒரு பெரிய சான்று உண்டு. கும்பினியின் தலைமைத் தரகராக இருந்த நைனியப்பர் 1716-இல் கவர்னர் எபேரின் ஆட்சியில் கைது செய்யப்பட்டார். கசையடி, அபராதம், சிறை எனத் தண்டனை விதிக்கப்பட்டது. உடன் கைதானவர்களுள் அவருடைய மைத்துனர் திருவேங்கடமும் ஒருவர். இவர் ஆனந்தரங்கப் பிள்ளையின் தந்தை. 1717-இல் நைனியப்பர் சிறையிலேயே இறந்தார். மகன் குருவப்பர் பிரான்சுக்கே சென்று நீதி கேட்டார். தந்தை குற்றமற்றவர் என்று பின்னர் முடிவானது.

இது மத்தியஸ்த வழக்கன்று. எனினும் தரகர் பதவியைச் சூழ்ந்த வணிகப் போட்டி அதன் அடியில் இருந்தது. குற்றம் சாட்டிய அதிகாரமும் தீர்ப்பளித்த அதிகாரமும் ஒரே இடத்தில் குவிந்திருந்தன. விசாரணை ஏடுகள் அவருக்கு விளங்காத பிரெஞ்சில் எழுதப்பட்டன. நீதி வந்து சேர்ந்தபோது அவர் உயிருடன் இல்லை. நடுநிலை, மொழி, காலம் ஆகிய மூன்றிலும் அந்த விசாரணை தவறியது. தகராறு தீர்க்கும் எந்த அமைப்பையும் அளக்க இந்த மூன்றும் போதுமான அளவுகோல்கள்.

3. சட்டத்தொகுப்பின் வருகை

இடையில் மறுபடி ஆங்கிலேயர் வசமாகியிருந்த புதுச்சேரி 1816 டிசம்பரில் மீண்டும் பிரெஞ்சு ஆட்சிக்குத் திரும்பியது. அதே ஆண்டில் சென்னை மாகாணத்தில் ஆங்கிலேயர், தாமஸ் மன்றோவின் ஆலோசனையை ஒட்டி, பஞ்சாயத்து முறையைச் சட்டமாக்கினர். அது அங்கே பெரிதாக வேரூன்றவில்லை. புதுச்சேரி வேறு வழியில் போனது. 1819 ஜனவரி 6 ஆணை பிரெஞ்சுச் சட்டத்தொகுப்புகளை இங்கே நடைமுறைப்படுத்தியது. இந்தியர்களுக்கு அவர்களுடைய வழக்காறுகளின்படி நீதி வழங்கப்படும் என்ற உறுதியும் அதில் இருந்தது. வழக்காறு எது என்று நீதிமன்றங்களுக்குச் சொல்ல 1827-இல் இந்திய நீதிநெறி ஆலோசனைக் குழு அமைந்தது. காலப்போக்கில் வழக்காறு குடும்பம், வாரிசு விஷயங்களுக்குள் ஒதுங்கியது. வணிகம் பிரெஞ்சுச் சட்டத்தின் வசமாயிற்று.

பிரெஞ்சு சிவில் நடைமுறைச் சட்டத்தில் நடுவர் முறைக்குத் தனிப் பகுதி உண்டு. நடுவர் தீர்ப்பை நிறைவேற்ற நீதிமன்றத் தலைவரின் ஆணை வேண்டும் என்பது அதன் ஒரு விதி. சாவடிக்காலத்தில், மன்றம் ஏற்றாலும் பெரிதும் சமூக மதிப்பையே நம்பியிருந்த நடுவர் தீர்ப்புக்கு இவ்வாறு சட்ட விதியின்படியே அரசின் முத்திரை கிடைத்தது. தரப்புகள் இசைந்தால், சட்ட விதியின் இறுக்கத்தைத் தளர்த்தி நியாய உணர்வின்படி முடிவுகாணும் ‘இணக்க நடுவர்’ முறையையும் அச்சட்டம் ஏற்றது. நம் ஊர் மத்தியஸ்தருக்கு இதைவிட நெருங்கிய சட்டப் பெயர் கிடைப்பது அரிது.

அதே சட்டம் ஒரு தடையையும் வைத்தது. தகராறு எது, நடுவர் யார் என்று பெயர் சொல்லி எழுதாத உடன்பாடு செல்லாது. ஒப்பந்தம் போடும்போதே, வரப்போகும் பிணக்குக்கு நடுவர் வழியே தீர்வு என்று பொதுவாக எழுதி வைப்பதை பிரான்சின் உச்ச நீதிமன்றம் 1843-இல் செல்லாததாக்கியது. வணிகத்தில் இத்தகைய பிரிவை பிரான்ஸ் ஏற்க 1925 வரை ஆயிற்று. பிணக்கு முற்றிய பிறகு எதிராளியுடன் அமர்ந்து நடுவரைத் தேர்வது எவ்வளவு கடினம் என்பது கடைத்தெருவில் யாருக்கும் தெரியும்.

4. இரண்டு சட்ட உலகங்களுக்கு நடுவே

1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16 அன்று இணைப்பு சட்டப்படி முழுமையடைந்தது. அவ்வாண்டிலேயே சென்னை உயர் நீதிமன்றத்தின் அதிகாரவரம்பு புதுச்சேரிக்கு நீண்டது. 1963-இன் ஒழுங்குமுறையும் 1968-இன் விரிவாக்கச் சட்டமும் இந்தியச் சட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டுவந்தன. பிரெஞ்சுச் சட்டம் பயின்ற ஒரு தலைமுறை வழக்கறிஞர்கள் ஆங்கிலேய மரபில் வந்த சட்டத்தைப் புதிதாகக் கற்றார்கள். மொழியும் மாறியது: பிரெஞ்சு போய் ஆங்கிலம் வந்தது. சட்டத்தின் எழுத்தில் தமிழ் அப்போதும் இடம்பெறவில்லை.

அன்று இந்தியாவில் இருந்த 1940-ஆம் ஆண்டின் நடுவர் சட்டம் ஒவ்வொரு கட்டத்திலும் நீதிமன்றத்தை நாட வைத்தது. வழக்கைத் தவிர்க்க வந்தவர்கள் மேலும் வழக்குகளில் சிக்கினார்கள்; 1981-இல் குருநானக் பவுண்டேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றமே இதை வருத்தத்தோடு பதிவு செய்தது. ஐ.நா. வணிகச் சட்ட ஆணையத்தின் 1985 மாதிரிச் சட்டத்தை ஒட்டி 1996-இல் புதிய சட்டம் பிறந்தது. நியாய உணர்வின்படி முடிவுகாணும் இணக்க நடுவர் இதன் 28-ஆம் பிரிவில் இடம்பெற்றார்: தரப்புகள் வெளிப்படையாக அதிகாரம் அளித்தால் நடுவர் அவ்வாறு தீர்க்கலாம். புதுச்சேரி 1819-இல் சந்தித்த கருத்து வேறொரு வாசல் வழியே திரும்பி வந்தது.

2015 திருத்தம் நடுவரின் சார்பற்ற தன்மைக்கு விரிவான அட்டவணைகளை வகுத்தது, காலக்கெடுவும் விதித்தது. 2019 திருத்தத்துக்குப் பின், உள்நாட்டு வழக்குகளில் வாதுரைகள் தாக்கலாகி முடிந்த நாளிலிருந்து 12 மாதங்களில் தீர்ப்பு வரவேண்டும். இரு தரப்பும் இசைந்தால் மேலும் 6 மாதம். இவற்றுக்கு முன்பே, 2005-இல் சென்னை உயர் நீதிமன்றம் தன் வளாகத்திலேயே சமரச மையம் திறந்து நாட்டுக்கு வழிகாட்டியது. 3 லட்சம் ரூபாய்க்குக் குறையாத வணிக வழக்குகளில், அவசர நிவாரணம் கோராதபோது, முதலில் சமரசத்தை நாட வேண்டும் என்ற விதி 2018-இல் வந்தது. அது கட்டாயம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

5. சாரத்துப் பட்டறையிலிருந்து பார்த்தால்

இவ்வளவு வளர்ச்சியும் சாரத்தில் பட்டறை வைத்திருப்பவருக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது? ஒரு நிறுவனத்துக்கு உதிரிபாகம் செய்து கொடுத்தவருக்கு 4 லட்சம் பாக்கி என்று வைத்துக்கொள்வோம். கொள்முதல் ஆணையின் பின்பக்கத்துப் பொடி எழுத்தில், நடுவர் விசாரணை மும்பையில் என்றிருக்கும். 1996 சட்டத்தின் மாதிரிக் கட்டண அட்டவணைப்படி 5 லட்சம் வரையான வழக்குக்கு நடுவர் கட்டணம் 45,000 ரூபாய். வக்கீல் செலவு, பயணச் செலவு தனி. அவர் பாக்கியை மறந்துவிடுவார். சட்டம் வலிமையாக இருந்தும் தூரம் அவரைத் தோற்கடித்துவிடுகிறது.

இதற்கு மாற்று 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம். இதன்படி பணம் தருவதற்கான தவணையை 45 நாளுக்கு மேல் நீட்ட முடியாது. தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியின் மூன்று மடங்கை மாதந்தோறும் கூட்டுவட்டியாகத் தரவேண்டும். தகராறு வசதிக் குழுவுக்குப் போகும். முதலில் சமரசம், முடியாவிட்டால் நடுவர் விசாரணை. 90 நாட்களுக்குள் முடிவு. தீர்ப்பை எதிர்க்க விரும்பும் வாங்குபவர் 75 விழுக்காட்டுத் தொகையை முன்கூட்டியே கட்டவேண்டும். வாங்கியவர் இந்தியாவில் எங்கிருந்தாலும், சரக்கு தந்தவரின் ஊர்க் குழுவே விசாரிக்கலாம். ஒப்பந்தத்தில் வேறு நடுவர் பிரிவு இருந்தாலும் இச்சட்டமே மேலோங்கும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அருகாமையும் சட்ட வலிமையும் ஒரே ஏற்பாட்டில் சேர்ந்தது இங்கேதான்.

ஆனால் நைனியப்பர் வழக்கு தந்த அளவுகோல்களை இங்கும் வைத்துப் பார்க்க வேண்டும். குழுவின் தலைவர் அரசின் தொழில் துறை இயக்குநர். பணம் தராமல் இருப்பதே அரசுத் துறையாகவோ பொதுத் துறையாகவோ இருந்தால், அவர் நடுநிலையோடு நடந்தாலும் முறையிடுபவர் மனத்தில் ஐயம் எழும். 90 நாள் கெடு ஏட்டில் இருந்தால் போதாது. முழுநேர ஊழியரும் முறையான அமர்வு நாட்களும் இருந்தால்தான் அது நடக்கும். மொழியைப் பொறுத்தவரை 1996 சட்டத்தின் 22-ஆம் பிரிவு தரப்புகள் விரும்பும் மொழியில் விசாரணை நடத்த இடம் தருகிறது. தமிழில் விசாரணை வேண்டும் என்று கேட்கலாம் என்பதையே நம்மவர் பலர் அறியவில்லை.

முடிவுரை

ஆகவே, புதிதாக ஒரு சட்டம் இயற்றுவதற்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு. அரசு சார்ந்த வழக்குகளில் விசாரணையை ஓய்வுபெற்ற நீதிபதிகளும் தொழிலறிந்தவர்களும் அடங்கிய தனிப் பட்டியலுக்கு மாற்ற வேண்டும். நடுவர் விசாரணையை வேறு நிறுவனத்திடம் ஒப்படைக்க 2006 சட்டமே குழுவுக்கு இடம் தருகிறது. எத்தனை மனு வந்தது, எத்தனை நாளில் முடிந்தது என்பதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். தமிழில் ஒரு மாதிரி நடுவர் பிரிவை எழுதித் தொழிற்பேட்டைகளில் பரப்ப வேண்டும். காலாப்பட்டு அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி மாணவர்களுக்குச் சமரசப் பயிற்சியோடு பிரெஞ்சுக்கால நீதி வரலாற்றையும் கற்பிக்க வேண்டும். அந்த வரலாறு வேறு எந்த ஊர் மாணவருக்கும் இவ்வளவு அருகில் இல்லை.

சாவடியில் அமர்ந்த நடுவர்களுக்குக் கணக்கும் சரக்கும் மொழியும் தெரிந்திருந்தன. பிரெஞ்சுச் சட்டம் தீர்ப்புக்கு முத்திரை தந்தது. இந்தியச் சட்டம் நடுநிலைக்கு விதி வகுத்தது. மூன்றும் இன்று நம் கையில் இருக்கின்றன. சாரத்துப் பட்டறைக்காரர் தன் கணக்கு நோட்டோடு தட்டாஞ்சாவடிக்கு நடந்துபோய், தமிழில் தன் வழக்கைச் சொல்லி, 90 நாளில் முடிவோடு திரும்ப வேண்டும். அது நடக்கும் நாளில்தான் புதுச்சேரி தன் வரலாற்றிலிருந்து கற்றுக்கொண்டது என்று சொல்ல முடியும்.