நலம் பெற்றோரின் நன்றி

நோய் தீர்ந்ததும் தன்னைப் பேணிய செவிலியை மறந்துவிடுவது உலக இயல்பு. இதற்கு மாறான நிகழ்ச்சியொன்று வரலாற்றில் உண்டு.

ஜமைக்கா தீவில் 1805-இல் பிறந்தவர் மேரி சீக்கோல். கிரிமியப் போரில் காயமுற்றோர்க்குத் தொண்டாற்ற 1854-இல் இலண்டனில் விண்ணப்பித்தார், ஏற்கப்படவில்லை. தம் செலவிலேயே போர்முனை சென்று, பலக்லாவா அருகே விடுதி அமைத்து, உணவும் மருந்தும் அளித்தார். வீரர்கள் அவரை ‘அன்னை’ என்றே அழைத்தனர்.

போர் 1856-இல் முடிந்ததும் கடனாளியாகத் திரும்பினார். அவரால் நலம் பெற்றோர் வாளாவிருக்கவில்லை. 1857 ஜூலையில் இலண்டனில் நான்கு நாள் விழா எடுத்தனர். அவர் கைக்கு வந்த தொகை சிறிதே, நன்றியோ பெரிது.

பின்னர் கத்தோலிக்கத் திருமறையைத் தழுவிய அவர், 1881-இல் இறந்து, கென்சல் கிரீன் புனித மரியாள் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். மறக்கப்பட்டிருந்த அக்கல்லறையை 1973-இல் செவிலியரே புதுப்பித்தனர்.

நம் புண்ணைக் கழுவிய கைகளை நாம் நினைக்கிறோமா?