கோடையும் நீர் மாத்திரையும்: வெதுருகுப்பம் பகுதியை முன்வைத்து ஒரு வாதம்

உயர் ரத்த அழுத்தத்துக்கும் இதயச் செயலிழப்புக்கும் தரப்படும் நீர் மாத்திரைகளின் பாதுகாப்பைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அளவு, வேளை, ரத்தப் பரிசோதனை என்பதோடு முடிந்துவிடுகிறது. ஆந்திரத்தின் வெதுருகுப்பம் போன்ற மண்டலத்துக்கு அது போதாது. மருந்தை எழுதுவது திருப்பதி ஸ்விம்ஸ் மருத்துவமனையாகவோ வேலூர் சி.எம்.சி.யாகவோ இருக்கலாம். அதை விழுங்குவதோ 40 டிகிரியைத் தாண்டும் சித்தூர் மாவட்டக் கோடையில், கரும்புக் கொல்லையிலும் மாந்தோப்பிலும் வேலை செய்யும் உடம்பு. உடம்பு வற்றும் நாளில் என்ன செய்வது என்ற ஒரு வரி இல்லாத மருந்துச் சீட்டைக் குறையுள்ள சீட்டு என்றே கருத வேண்டும்.

இந்த மருந்துகளின் பலனில் ஐயமில்லை. 33,357 பேரைக் கொண்டு நடந்து 2002-இல் வெளியான ஆல்ஹாட் ஆய்வில், மலிவான நீர் மாத்திரையான குளோர்தாலிடோன் புதிய மருந்துகளுக்குச் சளைக்கவில்லை. இதயச் செயலிழப்பைத் தடுப்பதில் முந்தியும் நின்றது. 1999-இன் ரேல்ஸ் ஆய்வு, கடுமையான இதயச் செயலிழப்பில் ஸ்பைரனோலாக்டோன் இறப்பை 30 சதவீதம் குறைப்பதைக் காட்டியது. என் வாதத்துக்கு அடிப்படை, ரேல்ஸுக்குப் பின் நடந்தது. கனடாவின் ஒன்டாரியோவில் அந்த மருந்தை எழுதுவது வேகமாகப் பெருகியது. கூடவே ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி மருத்துவமனையில் சேர்ந்தவர்களும் பெருகினார்கள். 2004-இல் அது பதிவானது. ரேல்ஸ் ஆய்வில் இருந்த நோயாளிக்கு அடிக்கடி ரத்தம் பார்த்தார்கள். வெளியே அந்தக் கவனிப்பு இல்லை. ஒன்டாரியோவுக்கே இந்த நிலை என்றால், பொட்டாசியம் பார்க்க பஸ் ஏறிச் சித்தூரோ திருப்பதியோ போக வேண்டிய ஊரில் அபாயம் குறைவாக இருக்கும் என்று நம்ப இடமில்லை.

மருந்துக்கு மருந்து ஆபத்து மாறுகிறது. எல்லாருக்கும் ஒரே அறிவுரை சொல்வது அதனால்தான் தவறு. குளோர்தாலிடோன் போன்ற தயசைட் வகை மாத்திரை சோடியத்தைக் குறைக்கும். வெயிலுக்குப் பயந்து வெறும் தண்ணீரைக் குடம் குடமாகக் குடிக்கும் முதியவருக்கு அது இன்னும் இறங்கி, தலைசுற்றலும் தடுமாற்றமும் வரும். குழம்பிப் பேசுவதை வீட்டார் வயசுக் கோளாறு என்று விட்டுவிடுவார்கள். ஸ்பைரனோலாக்டோன் பொட்டாசியத்தைப் பிடித்துவைக்கும். சிறுநீரகம் தளர்ந்தவர் அதோடு தினமும் இளநீர் குடிப்பதும், பொட்டாசியம் கலந்த ‘லோ சோடியம்’ உப்புக்கு மாறுவதும் இதயத் துடிப்பையே குலைக்கலாம்.

ஃபுரோசமைடின் சங்கடம் வேறு. விழுங்கிய ஒரு மணி நேரத்துக்குள் சிறுநீர் பிரியத் தொடங்கி, ஆறு மணி நேரம்வரை நீடிக்கும். காலை ஏழு மணிக்கு மாத்திரை; எட்டு மணிக்குத் தோட்ட வேலை, அல்லது திருப்பதி பஸ். ஒதுங்க இடமில்லாத பெண் அன்றைக்கு மாத்திரையை விட்டுவிடுவார். வாரத்தில் பல நாள் இப்படிப் போனால் கால் வீங்குகிறது, படுத்தால் மூச்சு வாங்குகிறது. சொல்பேச்சு கேட்காதவர் என்று அவரைக் கடிந்துகொள்வது அநியாயம். பலருக்கு அந்த வேளையை வீடு திரும்பிய பிற்பகலுக்கு மாற்றலாம். கேட்டால் மருத்துவர் மாற்றித் தருவார். அப்படிக் கேட்கலாம் என்பதை யாரும் சொல்வதில்லை.

வலி மாத்திரையைப் பற்றி இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும். மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக் கடையில் எளிதாகக் கிடைக்கிறது. நீர் மாத்திரையோடு டெல்மிசார்டான் போன்ற பி.பி. மருந்தையும் எடுப்பவர் இதையும் சேர்த்தால், சிறுநீரகம் மூன்று பக்கமும் நெருக்கப்படுகிறது. 2013-இல் பிரிட்டனில் வெளியான, 4,87,372 பேரின் பதிவுகளை ஆராய்ந்த ஆய்வில், இந்த மூன்றும் சேரும்போது திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு 31 சதவீதம் கூடியிருந்தது; முதல் 30 நாளில் 82 சதவீதம். அங்கே பார்த்தது குளிர்நாட்டு மக்களை. வியர்வையில் உடம்பு ஏற்கெனவே வற்றியிருக்கும் மே மாதத்து வெதுருகுப்பத்தில் எச்சரிக்கை இன்னும் கூடுதலாக வேண்டும் என்பது என் அனுமானம்.

சீட்டில் அந்த ஒரு வரி வேண்டும் என்பதற்கு நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. உடம்பு வற்றும் நாளில் மாத்திரையை நிறுத்தக் கற்றுக்கொடுத்தால் நோயாளி திரும்பத் தொடங்க மறப்பார். இதயச் செயலிழப்பில் அது உயிருக்கே உலை வைக்கும். தற்காலிக நிறுத்தத்தின் பலனுக்கான சான்றுகளும் இன்னும் வலுவாக இல்லை. ஆகவே நான் கேட்கும் வரி ‘நிறுத்து’ என்று சொல்லாது. யாரைக் கேட்பது, எப்போது திரும்பத் தொடங்குவது என்று சொல்லும். தெலுங்கிலும் தமிழிலும் கையால் எழுதினாலே போதும்: ‘வாந்தி, பேதி, தண்ணீர்கூட இறங்காத காய்ச்சல் என்றால் அன்றே இந்த எண்ணுக்குப் பேசவும். நிறுத்தச் சொன்னால், ஒன்றிரண்டு நாள் சரியாகச் சாப்பிட்டுக் குடித்தபின் மீண்டும் தொடங்கவும். கேட்காமல் வலி மாத்திரை வேண்டாம்.’ இதய நோயாளிக்கு இன்னொன்றும் சேர வேண்டும்: காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடுமுன் எடை பார்த்து, மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் உடனே பேச வேண்டும். வீட்டில் எடைக்கருவி இல்லாதவருக்கு ஆஷா பணியாளரோ துணைச் சுகாதார நிலையமோ அதைச் செய்து தரலாம். வெயில் ஏறுமுன், பிப்ரவரியிலேயே சோடியம், பொட்டாசியம், கிரியேட்டினின் மூன்றையும் ஒருமுறை பார்த்து, அந்த எண்களை அதே சீட்டில் எழுதிவைத்தால், மே மாதம் தொலைபேசியை எடுக்கும் மருத்துவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அடிப்படை இருக்கும்.