உலாவும் இன்பம்

அமெரிக்க நாட்டின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வில் கிரௌதர் என்னும் கணினி வல்லுநர் ஒருவர் பணிபுரிந்து வந்தார். நிலத்தடிக் குகைகளில் இறங்கி, அவற்றை அளந்து, வரைபடம் எழுதுவது அவருக்கும் அவர் மனைவியாருக்கும் விருப்பமான பொழுதுபோக்காக இருந்தது. கென்டக்கி மாநிலத்து மாமத் குகைத் தொடரில் அவ்விருவரும் பன்முறை அலைந்துள்ளனர். பின்னாளில் அவர்களது மணவாழ்வு முறிந்தது. தம் பெண்மக்கள் இருவரும் தம்மை விட்டு அகன்று போகின்றனரோ என்று அஞ்சிய தந்தை, அவர்கள் தம்மைக் காண வரும்போது விளையாடி மகிழ்வதற்காக, தாம் நடந்த குகையையே கணினிக்குள் எழுத்தால் அமைத்தார். 1976-ஆம் ஆண்டில் உருப்பெற்ற அவ்விளையாட்டில் படம் ஒன்றும் இல்லை. நிற்கும் இடத்தைச் சில வரிகள் வருணிக்கும். வடக்கே போ, கீழே இறங்கு என்று ஆடுபவர் ஓரிரு சொற்களைத் தட்டச்சு செய்ய, அடுத்த இடம் தோன்றும். மறு ஆண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த டான் உட்ஸ் என்பவர் அதனை மேலும் விரித்தார். இன்று உலகெங்கும் கோடிக்கணக்கானோர் ஆடும் திறந்த உலக விளையாட்டுகளின் மூதாதைகளுள் ஒன்று, இவ்வாறு ஒரு தந்தையின் ஏக்கத்தில் பிறந்தது.

திறந்த உலகம் என்பது யாது? சதுரங்கத்திற்குக் கட்டங்கள் உண்டு. பரமபதத்திற்கு ஏணியும் பாம்பும் உண்டு. காய் செல்லும் வழியை அங்கே விதி வகுத்துவிடுகிறது. திறந்த உலக விளையாட்டிலோ ஆடுபவர் கண்முன் ஒரு நிலப்பரப்பு விரிகிறது. காடு, மலை, ஆறு, நகரம் ஆகியவற்றுள் எதனை முதலில் காண்பது, எவ்வழியாகச் செல்வது என்பதை அவரே தீர்மானிக்கிறார். வெற்றி தோல்வியைக் காட்டிலும் உலாவுதலே இங்குப் பெரும்பகுதி. ஆயினும், இத்தகைய விளையாட்டுகளுள் சில நம்மை மாதக்கணக்கில் கட்டி வைக்கின்றன. வேறு சில இரண்டு நாளில் சலித்துவிடுகின்றன. இவ்வேறுபாட்டின் காரணத்தை ஆராய்வது, பிறந்த மண்ணை விட்டு அயல் மாநிலங்களில் புதிய ஊர்களைப் பழக வேண்டியவர்களாகிய நமக்குப் பயன் தரும் என்று கருதுகிறோம்.

வழியைத் தேர்ந்து நடக்கும் இன்பம் தமிழருக்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதையில், மதுரை நோக்கிச் செல்லும் கோவலனுக்கு மாங்காட்டு மறையவன் வழி கூறுகிறான். கொடும்பை நெடுங்குளக் கரையில் பாதை மூன்றாகப் பிரியும் என்றும், வலப்பக்க வழி வறண்ட நிலத்தின் ஊடே சிறுமலையை ஒட்டிச் செல்லும் என்றும், இடப்பக்க வழியில் திருமால் குன்றமும் அதன் குகையும் மூன்று பொய்கைகளும் உள்ளன என்றும், நடுவழி இனியதாயினும் அங்கே மயக்கும் தெய்வம் ஒன்று உண்டு என்றும் அவன் விளக்குகிறான். மூன்றும் மதுரைக்கே செல்வன. ஆனால் மூன்றும் மூன்று வேறு பயணங்கள். கேட்பவன் தன் மனத்திற்குள்ளேயே மூன்று வழிகளிலும் ஒருமுறை நடந்து பார்த்துவிடுகிறான். உலாவும் இன்பத்தின் முதற்கூறு இத்தகைய தேர்வே.

கணினி விளையாட்டின் சரித்திரத்திற்கு மீள்வோம். உலகம் பெரிதாக இருந்தால் இன்பமும் பெரிதாகும் என்று முதலில் பலர் எண்ணியிருக்கக்கூடும். 1984-இல் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் மாணவர்களாகிய டேவிட் பிராபென், இயன் பெல் ஆகிய இருவர் 'எலைட்' என்ற விண்வெளி விளையாட்டை உருவாக்கினர். அதனை ஏற்ற கணினியின் நினைவகம் வெறும் 32 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்திற்கே அதைப்போலப் பல மடங்கு இடம் வேண்டும். அச்சிறு இடத்தில் 8 விண்மீன் மண்டலங்களையும், மண்டலத்திற்கு 256 உலகங்களையும் கணிதச் சூத்திரத்தின் உதவியால் அவர்கள் படைத்தனர். அச்சூத்திரத்தைக் கொண்டு கோடானுகோடி மண்டலங்களை அமைப்பதே அவர்களது முதல் எண்ணம். எண்ணிக்கை மிகுந்தால், எல்லாம் கணக்கின் விளைவே என்பது வெளிப்பட்டு வியப்பு அழிந்துவிடும் என்று வெளியீட்டாளர் கருதியதால் எட்டோடு நிறுத்தினர்.

இவ்வுண்மையைப் பின்வந்தவர்களும் கண்டறிந்தனர். 1996-இல் வெளிவந்த 'டாகர்ஃபால்' என்னும் விளையாட்டின் நிலப்பரப்பு பிரிட்டன் தீவை ஒத்தது என்று பேசப்பட்டது. ஊர்களும் குகைகளுமாக 15,000-க்கும் மேற்பட்ட இடங்கள் அதில் இருந்தன. ஆனால் பெரும்பாலானவற்றைக் கணினியே வார்த்ததால் ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் வேற்றுமை குன்றியது. அதே நிறுவனத்தார் 2002-இல் வெளியிட்ட 'மாரோவிண்ட்' பரப்பில் அதனினும் ஆயிரக்கணக்கான மடங்கு சிறியது. அங்கே பொருள்கள் பெரும்பாலும் மனிதர் கையால் ஆங்காங்கே வைக்கப்பட்டவை. ஒரு குகையில் கிடக்கும் எலும்புக்கூட்டின் அருகே ஒரு விளக்கும் ஒரு கடிதமும் இருந்தால், இறந்தவர் யார், ஏன் இங்கே வந்தார் என்று மனம் வினவத் தொடங்குகிறது. பொருளுக்கு ஒரு காரணம் இருப்பதாகத் தோன்றினால்தான் மனிதன் அதைக் குனிந்து எடுத்துப் பார்க்கிறான்.

அடுத்து, காட்சியின் அமைப்பு. ஜப்பானியராகிய ஷிகெரு மியாமோட்டோ இளமையில் கியோட்டோவை அடுத்த சோனோபே என்னும் ஊரில் வளர்ந்தவர். வயல்களிலும் காட்டிலும் திரிந்து, எதிர்பாராது கண்ட குகையில் விளக்கேந்தி நுழைந்த அனுபவமே 1986-இல் வெளிவந்த 'செல்டா' விளையாட்டிற்கு வித்து என்று அவர் கூறியுள்ளார். அவ்வரிசையில் 2017-இல் வெளிவந்த விளையாட்டை அமைத்தோர், நிலத்தின் அளவைக் கியோட்டோ நகரின் வரைபடத்தோடு ஒப்பிட்டு நிச்சயித்தனர். முதலில் அவர்கள் உயர்ந்த கோபுரங்களை நாட்டி, ஆடுபவர்களை அவற்றின்பால் ஈர்க்க முயன்றனர். சோதனையில் அனைவரும் ஒரு கோபுரத்திலிருந்து அடுத்த கோபுரத்திற்கு நேர்கோட்டில் நடந்தனரே ஒழிய, இடைப்பட்ட நிலத்தில் கருத்துச் செலுத்தவில்லை. ஆகவே அவர்கள் முறையை மாற்றினர். முக்கோண வடிவமான குன்றுகளை வழியில் வைத்தனர். குன்று பின்னுள்ளதை மறைக்கிறது. ஏறுவதா, சுற்றிச் செல்வதா என்ற தேர்வைத் தருகிறது. வளைந்து செல்லச் செல்ல, மறைந்திருந்தது சிறிது சிறிதாகத் தோன்றுகிறது. முழுவதும் தெரிந்தாலும் சலிப்பு. முழுவதும் மறைந்தாலும் சலிப்பு. பாதி தெரிந்து பாதி மறைந்த பொருளே கால்களை நடக்கச் செய்கிறது. திருவிழாக் காலத்தில் தெருமுனைக்கு மேலாகத் தேரின் உச்சி மட்டும் அசைந்து வருவதைக் கண்டு ஓடிய நமக்கு இது விளக்க வேண்டுவதன்று.

நாம் வாழும் கருநாடகத்தையே களமாகக் கொண்ட ஒரு விளையாட்டும் 2017-இல் வெளிவந்தது. 'அன்சார்ட்டட்' வரிசையைச் சார்ந்த 'தி லாஸ்ட் லெகசி' என்பது அது; கலிபோர்னியாவில் உள்ள நிறுவனம் ஒன்று அமைத்தது. போசள மன்னரின் பழம்பொருள் ஒன்றைத் தேடி இரு பெண்கள் மேற்குத் தொடர்ச்சி மலையில் அலைவதே அதன் கதை. ஒரு பெரும் பகுதியில் ஆடுபவர் ஜீப்பைத் தம் விருப்பம்போல ஓட்டலாம். கோபுரம் ஒன்றில் ஏறி நாற்புறமும் நோக்கியபின், கதைத்தலைவி தன் கையிலுள்ள வரைபடத்தில் எழுதுகோலால் குறியிடுகிறாள். வழியில் சிதறிக் கிடக்கும் போசள நாணயங்களை விரும்பினால் தேடலாம். தேடாமலும் மேலே செல்லலாம். அங்குக் காணும் அருவிகளும் மலையளவு சிலைகளும் கற்பனையே. மெய்யான ஹளேபீடு பெங்களூருக்கு மேற்கே சுமார் 200 கிலோமீட்டர் தொலைவில், மேட்டுச் சமவெளியில், ஒரு பேரேரிக்கு அருகே அமைந்துள்ளது. அக்கோயிலில் வியப்பு உயரத்தில் இல்லை. விரலளவு சிற்ப நுணுக்கத்தில் உள்ளது. அந்தப் போசளர் மரபில் வந்த சோமேசுவரர் 13-ஆம் நூற்றாண்டில் நம் திருவரங்கத்தை அடுத்த கண்ணனூரில் தங்கி ஆட்சி செய்தார் என்பது, விளையாட்டில் சொல்லப்படாத வரலாறு.

பெங்களூர் இத்தொழிலுக்கு அயலூரன்று. 1997-இல் இங்கே தொடங்கப்பெற்ற துருவா இன்டராக்டிவ், வெளிநாட்டு விளையாட்டுகளுக்குச் சித்திர வேலை செய்து பெயர் பெற்றது. 2019-இல் ராக்ஸ்டார் நிறுவனத்தார் அதனை வாங்கித் தம் பெங்களூர்க் கிளையோடு இணைத்தனர். 2018-இல் வெளிவந்த 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' என்ற விளையாட்டில் 1899-ஆம் ஆண்டின் அமெரிக்கப் புல்வெளியும் பனிமலையும் காண்போர் மனத்தைக் கவர்கின்றன. அவற்றை உருவாக்கிய கைகளுள் பெங்களூர்க் கைகளும் உண்டு. நம் ஏரிகளையும் கரடுகளையும் சந்தைகளையும் இக்கைகள் அவ்வாறு வரையும் நாள் வருமாக.

தமிழர் வாழ்வு விளையாட்டாக வந்து சிறப்பெய்தியதற்குச் சான்று உண்டு. கனடாவில் டொரண்டோ நகரத்துத் தமிழர் ஒருவரது நிறுவனம் 2023-இல் 'வெண்பா' என்னும் விளையாட்டை வெளியிட்டது. அது திறந்த உலகமன்று. ஒரு சிறு சமையலறையே அதன் களம். 1980-களில் கனடாவிற்குக் குடியேறிய ஒரு தமிழ்த்தாய், தன் அன்னையின் சமையற் குறிப்பேட்டைப் புரட்டுகிறாள். ஏடு கிழிந்தும் எழுத்து அழிந்தும் உள்ளது. இட்டலித் தட்டுகளை எவ்வாறு அடுக்குவது என்பதை ஆடுபவரே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். குறிப்பு முழுமையாக இருந்திருந்தால் விளையாட்டே இல்லை. மலைகளையும் நாடுகளையும் அமைப்போர் பின்பற்றும் அதே முறையை ஒரு குறிப்பேட்டின் கிழிந்த மூலையிலும் காண்கிறோம். 2024-இல் அவ்விளையாட்டு பிரிட்டனின் பாஃப்டா விருது பெற்றது.

இனி, விளையாட்டிலிருந்து ஊருக்கு வருவோம். பெங்களூரின் தென்கோடியில் ஓசூர்ச் சாலை மீது பொம்மசந்திரா உள்ளது. மருந்து, இயந்திரம் முதலியன செய்யும் தொழிற்சாலைகள் நிறைந்த இடம் அது. அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டினால் தமிழ்நாடு என்பதால் அங்கு உழைப்போரில் தமிழர் மிகப் பலர். 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 10-ஆம் நாள் திறக்கப்பட்ட மெட்ரோ மஞ்சள் வழித்தடம், ராஷ்ட்ரீய வித்யாலயா சாலையிலிருந்து 19.15 கிலோமீட்டர் ஓடி, 16-ஆவது நிலையமாகிய பொம்மசந்திராவில் முடிகிறது. அத்தடத்தின் நிலையப் பெயர்களை வாசித்தால் ஹொங்கசந்திரா, சிங்கசந்திரா, பொம்மசந்திரா என்று மும்முறை ஓர் ஈறு ஒலிக்கும். இச்'சந்திரா' என்பது 'சமுத்திரம்' என்பதன் திரிபு, பேரேரியைக் குறிப்பது என்பர் பெயராய்வாளர். நம் அம்பாசமுத்திரத்தில் உள்ள சமுத்திரமும், போசளரின் துவாரசமுத்திரத்தில் உள்ள சமுத்திரமும் இதுவே. எனின், ஒவ்வொரு நிலையப் பலகையும் ஓர் ஏரியைப் பாதி காட்டிப் பாதி மறைக்கிறது எனலாம். ஏரி எங்கே இருந்தது, எவ்வளவு எஞ்சியுள்ளது என்று தேடிச் செல்வதற்கு இதைவிட நல்ல குறிப்பு எந்த விளையாட்டில் கிடைக்கும்?

ஆனால் நம்மவர் வாழ்க்கை பெரும்பாலும் அறை, உணவு விடுதி, தொழிற்சாலை என்னும் முக்கோணத்திற்குள் அடங்கிவிடுகிறது. பத்தாண்டு வாழ்ந்தும், பக்கத்து ஹென்னாகரத்தில் ஒரு பெரிய ஏரி இருப்பதையும், ஹுஸ்கூர் மத்தூரம்மன் திருவிழாவிற்கு நூறடிக்கு மேல் உயர்ந்த தேர்களைச் சுற்றூர் மக்கள் இழுத்து வருவதையும் காணாதவர் உண்டு. இதற்காக அவர்களைக் குறை கூறுதல் முறையாகாது. விளையாட்டில் வழி தவறினால் இழப்பு ஒன்றுமில்லை. விட்ட இடத்திலிருந்து மீண்டும் தொடங்கலாம். அயலூரில் வழி தவறினால் அரைநாள் கூலி போகும். மொழி தெரியாதவருக்கு வழி கேட்கவே நாணம் தடையாகும். இரவு முறை முடிந்து திரும்பும் பெண்ணுக்கு அச்சமும் சேரும். திரும்பி வரும் வழி உறுதியாகத் தெரிந்தவருக்கே அலைதல் இன்பமாகும். தெரியாதவருக்கு அது அலைச்சல். குகையை வரைந்த தந்தையும் முதலில் வெளியேறும் வழியைக் குறித்துக்கொண்டுதான் உள்ளே இறங்கியிருப்பார்.

அவ்வுறுதியைத் தருவது யார்? நம் முன்னோர் இதற்கென்றே ஓர் இலக்கிய வகையை வகுத்தனர். பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை நூல்கள். அவற்றுள் மலைபடுகடாம், நன்னனை நாடிச் செல்லும் கூத்தருக்கு, முன்சென்று மீண்ட கூத்தன் வழி சொல்வது. பன்றிக்காக வைத்த கற்பொறி எங்கே, தினைப்புனக் காவலர் எறியும் கவண்கல் எங்கே விழும், எவ்வூரில் சோறு கிடைக்கும் என்பனவற்றை அவன் எடுத்துரைக்கிறான். ஆனால் கையைப் பிடித்து இழுத்துச் செல்வதில்லை. ஆபத்தைச் சொல்லி அச்சத்தை நீக்குகிறான். காட்சியைச் சொல்லி ஆவலை மூட்டுகிறான். நடப்பதை நடப்பவனுக்கே விட்டுவிடுகிறான். இன்று கைப்பேசி வரைபடத்தின் நீலக்கோடு நம்மைச் சேருமிடத்தில் சேர்த்துவிடுகிறது என்பது மெய். இடைவழியில் எந்த ஆலமரத்தடியில் நின்று பார்க்க வேண்டும் என்று அது சொல்வதில்லை.

ஆகவே, ஓர் ஊரில் பல ஆண்டு வாழ்ந்துவிட்ட நம்மில் ஒவ்வொருவரும், நேற்று வந்திறங்கிய இளைஞருக்கு ஆற்றுப்படுத்துவோராக அமைதல் வேண்டும். பொம்மசந்திராவாயினும், மும்பையின் தாராவியாயினும், தில்லியின் கரோல்பாக் ஆயினும் முறை ஒன்றே. கடைசி வண்டி எத்தனை மணிக்கு, வழி கேட்க உள்ளூர் மொழியில் எந்த நான்கு சொற்கள் வேண்டும், எத்தெருவில் இரவில் செல்லலாகாது என்பவற்றை முதலில் கூறுவோம். பின்னர், அதோ அந்த மேட்டிற்கு அப்பால் ஓர் ஏரி இருக்கிறது என்று மட்டும் சொல்லி, ஞாயிற்றுக்கிழமையன்று அவரைத் தனியே அனுப்பிவைப்போம்.