பழைய ரிவால்வருக்குப் புது மெருகு வேணுமா?

பழைய கோல்ட் ரிவால்வர் ஒண்ணு கைக்கு வந்தா முதல்ல என்ன தோணும்? துருவைத் தேய்ச்சு எடுத்துப் பளபளன்னு ஆக்கிடலாம்னுதானே! கொஞ்சம் பொறுங்க.

1873-ல் அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்ட கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மியை எடுத்துக்குவோம். குழலுக்கும் சிலிண்டருக்கும் நீல மெருகு. அது பெயின்ட் இல்லை. இரும்பின் மேலேயே உருவாக்கிய மெல்லிய ஆக்சைடு படலம். நடுச்சட்டத்தை எலும்புக்கரி, மரக்கரியோடு சூடாக்கித் தண்ணீரில் அமிழ்த்துவார்கள். அதனால்தான் அதில் நீலமும் பழுப்புமாகத் திட்டுத்திட்டாய் நிறம். பொதுமக்கள் வாங்கியவற்றில் நிக்கல் முலாமும் உண்டு. அது வெறும் பகட்டு இல்லீங்க. கருமருந்துக் கசடு ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். நிக்கல் அதை நன்றாகத் தாங்கும்.

அப்போ நீலமா, நிக்கலா? எதுவானாலும் முதல் வேலை தேய்ப்புதான். அங்கேதான் ஆபத்து.

1890-களில் படையே தன் ரிவால்வர்களைப் பழுதுபார்த்தது. ஏழரை அங்குலக் குழல்களை ஐந்தரை அங்குலமாக வெட்டி, பாகங்களைக் கலந்து மாட்டினார்கள். இன்று அவற்றை ‘ஆர்ட்டிலரி மாடல்’ என்கிறோம். எதை வைத்து அடையாளம் காண்கிறோம்? ஒன்றோடொன்று பொருந்தாத வரிசை எண்கள், சோதனையாளர் முத்திரைகள், குழலின் நீளம் இவற்றை வைத்துத்தான்.

சாணைச் சக்கரத்தில் ரெண்டு நிமிஷம் அதிகமா பிடிச்சா அந்த எண்களும் முத்திரைகளும் மழுங்கிடும். சட்டத்தை மறுபடி சூடாக்கினால் கோணிக்கொள்ளவும் கூடும். மெருகை நாளைக்கும் போடலாம். அழிஞ்ச எண்ணைத் திரும்ப எழுத முடியாது. எழுதினா அது போலி.

என்னைக் கேட்டா, எண்ணெய்த் துணியால துடைச்சு வைங்க. அதுபோதும்.