பிளேஸ்டேஷன் 3: ப்ளூ-ரே பிளேயராகப் பயன்பட்ட விளையாட்டுக் கருவி

பிளேஸ்டேஷன் 3 என்பது ஜப்பானின் சோனி நிறுவனம் 2006 நவம்பரில் வெளியிட்ட வீடியோ விளையாட்டுக் கருவி. ப்ளூ-ரே வட்டுகளை இயக்கும் வசதி தொடக்கம் முதலே அதில் இருந்ததால், உயர் துல்லியத் திரைப்படங்களை வீட்டில் பார்ப்பதற்காகவே அதை வாங்கியவர்கள் பலர். ஒரு விளையாட்டைக்கூட வாங்காமல் படங்களை மட்டும் பார்த்துவந்த வீடுகளும் இருந்தன. வெளிவந்தபோது அமெரிக்கச் சந்தையில் கிடைத்த ப்ளூ-ரே பிளேயர்களில் மிக மலிவானது அதுதான். அடுத்த சில ஆண்டுகளுக்குத் தரத்திலும் முன்வரிசையில் நின்றது. விளையாட்டுக் கருவியில் படம் பார்க்கும் வழக்கம் அதற்கு முன்பும் இருந்தது, பின்பும் தொடர்கிறது. ஆனால் இரண்டு வட்டு வடிவங்களுக்கு இடையிலான போட்டியின் முடிவில் இவ்வளவு பங்கு வகித்த விளையாட்டுக் கருவி வேறில்லை.

முன்னோடிகள்

1990களிலேயே சேகா நிறுவனத்தின் சாட்டர்ன் கருவியில் ஓர் அட்டையைச் செருகினால் வீடியோ சிடி பார்க்க முடிந்தது. பெரிய திருப்பம் 2000 மார்ச் 4 அன்று வந்தது. அன்று ஜப்பானில் 39,800 யென் விலையில் வெளியான பிளேஸ்டேஷன் 2, டிவிடி படங்களையும் ஓட்டியது. டிவிடி பிளேயர் இன்னும் எல்லா வீடுகளுக்கும் போய்ச் சேராத காலம் அது. பிள்ளைகள் விளையாடவும் பெற்றோர் படம் பார்க்கவும் ஒரே பெட்டி போதும் என்ற கணக்கு ஜப்பானிலும் பிற நாடுகளிலும் நன்றாக வேலை செய்தது. அந்தக் கருவி மொத்தத்தில் 15.5 கோடிக்கும் மேல் விற்றது. போட்டிக் கருவிகள் இந்த வசதியை அரைமனதோடுதான் கொடுத்தன. மைக்ரோசாஃப்டின் முதல் எக்ஸ்பாக்ஸில் டிவிடி பார்க்க, தனியாக ஒரு ரிமோட் தொகுப்பு வாங்க வேண்டியிருந்தது. நிண்டெண்டோவின் கேம்கியூப் சிறிய வட்டுகளையே ஏற்றது. டிவிடி ஓட்டும் கேம்கியூபை பானசோனிக் நிறுவனம் 2001 இறுதியில் ஜப்பானில் மட்டும் வெளியிட்டது. சோனி 2000ஆம் ஆண்டின் அனுபவத்தை மறக்கவில்லை. அடுத்த தலைமுறை வட்டையும் விளையாட்டுக் கருவி வழியாகவே வீடுகளுக்குள் கொண்டுபோக முடிவுசெய்தது.

நீல லேசரும் தட்டுப்பாடும்

ஒரு வட்டில் எவ்வளவு தகவல் பதியும் என்பதைப் பெரும்பாலும் லேசரின் அலைநீளமே தீர்மானிக்கிறது. சிடியைப் படிக்கும் லேசர் 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650, ப்ளூ-ரேக்கு 405. அலைநீளம் குறையக் குறைய ஒளிப்புள்ளி சிறிதாகிறது. புள்ளி சிறிதானால் தடங்களை நெருக்கமாக அமைக்கலாம். டிவிடியில் 0.74 மைக்ரோமீட்டராக இருந்த தட இடைவெளி ப்ளூ-ரேயில் 0.32 ஆனது. ஓர் அடுக்கில் 25 ஜிபி, இரண்டு அடுக்கில் 50 ஜிபி கொள்ளளவு கிடைத்தது. அமெரிக்க டிவிடியின் படம் 720×480 புள்ளிகள் கொண்டது. ப்ளூ-ரே படம் 1920×1080. அதாவது ஒவ்வொரு சட்டத்திலும் ஆறு மடங்கு புள்ளிகள். டிவிடியில் வினாடிக்கு 9.8 மெகாபிட் என்றிருந்த படத் தரவின் உச்சவரம்பும் 40 மெகாபிட்டுக்கு ஏறியது.

அந்த நீல-ஊதா லேசர் டயோடைப் பெருமளவில் உற்பத்தி செய்வது 2006இல் எளிதாக இல்லை. ஐரோப்பாவில் கருவியின் வெளியீடு 2007 மார்ச் 23 வரை தள்ளிப்போனதற்குச் சோனி சொன்ன காரணம் இந்தத் தட்டுப்பாடுதான். ஜப்பானில் 2006 நவம்பர் 11 அன்றும் வட அமெரிக்காவில் நவம்பர் 17 அன்றும் விற்பனை தொடங்கியது. அங்கும் முதல் வாரங்களில் கிடைத்த எண்ணிக்கை தேவைக்கு மிகக் குறைவு.

விலை

அமெரிக்காவில் 20 ஜிபி வன்வட்டு கொண்ட கருவிக்கு 499 டாலர், 60 ஜிபி கருவிக்கு 599 டாலர். விளையாட்டுக் கருவிக்கு இது மிக அதிகம் என்று வாங்குவோர் கோபப்பட்டனர். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் ப்ளூ-ரே பிளேயர் தேடி வந்தவருக்கு இதே விலை மலிவு. 2006 ஜூனில் அமெரிக்காவில் வெளியான சாம்சங்கின் முதல் ப்ளூ-ரே பிளேயர் ஏறத்தாழ 1,000 டாலர். சோனியே தனியாக விற்ற முதல் பிளேயரின் விலையும் அதே அளவில்தான் இருந்தது.

இந்த விலையிலும் சோனிக்கு நட்டம்தான். கருவிகளைப் பிரித்துப் பார்த்துக் கணக்கிட்ட ஐசப்ளை என்ற ஆய்வு நிறுவனம், 20 ஜிபி கருவிக்கு ஏறத்தாழ 806 டாலரும் 60 ஜிபி கருவிக்கு ஏறத்தாழ 840 டாலரும் உற்பத்திச் செலவு ஆவதாக மதிப்பிட்டது. 2007 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் சோனியின் விளையாட்டுப் பிரிவு 23,200 கோடி யென்னுக்கும் மேல் இயக்க நட்டத்தைக் காட்டியது. பிளேஸ்டேஷனின் தந்தை என்று அழைக்கப்படும் கென் குத்தராகி 2007இல் அந்தப் பிரிவின் தலைமையிலிருந்து விலகினார். இவ்வளவு நட்டத்தையும் சோனி தாங்கிக்கொண்டதற்குக் காரணம் உண்டு. ப்ளூ-ரே வடிவத்தை உருவாக்கியவர்களில் சோனியும் ஒருவர். கொலம்பியா பிக்சர்ஸ் திரைப்பட நிறுவனமும் 1989 முதல் அதன் உடைமை. தன் பீட்டாமேக்ஸ் வீடியோ நாடா வி.எச்.எஸ்ஸிடம் தோற்றதை நேரில் கண்ட நிறுவனம் சோனி. வட அமெரிக்காவில் முதலில் விற்ற கருவிகளோடு ‘டல்லடேகா நைட்ஸ்’ படத்தின் ப்ளூ-ரே வட்டையும் இலவசமாக வைத்து அனுப்பியதிலிருந்தே அதன் நோக்கம் தெரிகிறது.

புதுப்பிப்பால் வளர்ந்த பிளேயர்

இந்தக் கருவியின் உண்மையான சிறப்பு விலையில் இல்லை. அக்காலத் தனிப் பிளேயர்களில் ஒவ்வொரு வேலைக்கும் அதற்கென்றே செய்த சில்லுகள் இருந்தன. கடையை விட்டு வரும்போது என்ன தெரியுமோ அதோடு பெரும்பாலும் சரி. பிளேஸ்டேஷன் 3 அடிப்படையில் ஒரு கணினி. சோனி, தோஷிபா, ஐபிஎம் மூன்றும் சேர்ந்து உருவாக்கிய 3.2 கிகாஹெர்ட்ஸ் செல் செயலி, படத்தின் சுருக்கத்தை விரிப்பதையும் ஒலியைப் பிரித்தெடுப்பதையும் மென்பொருள் மூலமாகவே செய்தது. மென்பொருளை மாற்றினால் பிளேயரின் திறனும் மாறிவிடும்.

வெளிவந்த புதிதில் அது டிவிடி படங்களைப் பெரிதாக்கிக் காட்டவில்லை. ப்ளூ-ரே படத்தை வினாடிக்கு 24 சட்டங்களாக அப்படியே அனுப்பவும் தெரியாது. திரைப்படம் 24 சட்டங்களில் எடுக்கப்படுவது; 60 ஹெர்ட்ஸ் தொலைக்காட்சிக்காக ஒரு சட்டத்தை மூன்று முறையும் அடுத்ததை இரண்டு முறையும் காட்டினால், கேமரா மெல்ல நகரும் காட்சிகளில் ஒரு தடுமாற்றம் தெரியும். 2007 மே மாதப் புதுப்பிப்பு இந்த இரண்டு குறைகளையும் தீர்த்தது. அதே ஆண்டு டிசம்பரில், படத்துக்குள் சிறு சட்டமாக இன்னொரு படத்தைக் காட்டும் போனஸ்வியூ வந்தது. 2008 மார்ச்சில் இணையத்திலிருந்து கூடுதல் உள்ளடக்கம் இறக்கும் பிடி-லைவ் சேர்ந்தது. வட்டை எடுத்துவிட்டு மறுபடி போட்டாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதியும் கிடைத்தது. ஏப்ரலில் டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ ஒலி. 2010 செப்டம்பரில் முப்பரிமாண ப்ளூ-ரே. இவை எல்லாம் முதல் நாள் வாங்கிய கருவிக்கும் கட்டணமின்றிக் கிடைத்தன. பிடி-லைவுக்கு இணைய இணைப்பும் குறைந்தது 1 ஜிபி சேமிப்பிடமும் வேண்டும் என்பதால், முன்பு 1,000 டாலர் கொடுத்துத் தனிப் பிளேயர் வாங்கியவர்களில் பலருக்கு அது கிடைக்கவே இல்லை. வாங்கிய பொருள் பழையதாகாமல் ஆண்டுதோறும் மேம்பட்டது வீட்டு மின்னணுத் துறையில் அரிது. அந்தப் பாராட்டு இந்தக் கருவிக்கு முழுமையாக உரியது.

வேகமும் முக்கியம். ப்ளூ-ரே வட்டுகள் பலவற்றின் பட்டியல் திரைகள் ஜாவா நிரல்களால் ஆனவை. தொடக்ககாலத் தனிப் பிளேயர்கள் சில வட்டுகளைத் திறக்க நிமிடக்கணக்கில் எடுத்துக்கொண்டன. செல் செயலிக்கு அது பெரிய சுமையாக இல்லை.

குறைகள்

இரவில் அமைதியான காட்சி ஓடும்போது விசிறியின் இரைச்சல் கேட்கும் என்பதே முதல் குறை. 2006–08 காலத்துப் பருத்த கருவிகள் படம் மட்டும் ஓடினாலும் 100 வாட்டுக்கு மேல் மின்சாரம் எடுத்தன. தனிப் பிளேயருக்கு அதில் ஒரு சிறு பங்கே போதும். அலமாரிக்குள் அடைத்து வைத்தால் வெப்பம் கூடி இரைச்சலும் கூடியது.

இரண்டாவது குறை ரிமோட். கருவியில் அகச்சிவப்பு ஏற்பி கிடையாது. சோனி தனியாக விற்ற புளூடூத் ரிமோட்டை வாங்க வேண்டும், இல்லையென்றால் விளையாடும் கைப்பிடியாலேயே சமாளிக்க வேண்டும். கைப்பிடியின் அடிப்பக்கப் பொத்தான்கள் படத்தை முன்னும் பின்னும் ஓட்டுபவை என்பதால், அதை மேசைமேல் வைத்தாலே படம் ஓட்டம் பிடித்துவிடும். அகச்சிவப்புக் கதிரைப் புளூடூத்துக்கு மாற்றித் தரும் சிறு கருவிகளைப் பிற நிறுவனங்கள் விற்றன. 2009 செப்டம்பரில் 299 டாலருக்கு வந்த மெலிந்த கருவியில் இது ஓரளவு சரியானது. எச்டிஎம்ஐ கம்பி வழியே தொலைக்காட்சியின் ரிமோட்டாலேயே அதை இயக்க முடிந்தது. டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி ஒலித்தரவை விரிக்காமல் அப்படியே ரிசீவருக்கு அனுப்பும் திறனும் மெலிந்த கருவியில்தான் வந்தது. பழைய கருவி அந்த ஒலியை உள்ளேயே விரித்து அனுப்பும். கேட்பதற்கு இரண்டும் ஒன்றே. ரிசீவரின் முகப்பில் டால்பி விளக்கு எரிவதைப் பார்க்க ஆசைப்பட்டவர்களுக்கே வேறுபாடு.

எச்டி டிவிடியோடு போட்டி

எதிரணியில் தோஷிபாவின் எச்டி டிவிடி இருந்தது. அதுவும் நீல லேசரையே பயன்படுத்தியது. கொள்ளளவு ஓர் அடுக்கில் 15 ஜிபி, இரண்டில் 30. மைக்ரோசாஃப்ட் அந்த அணியில் நின்று, 2006 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360 கருவிக்கு வெளியே யுஎஸ்பியில் மாட்டும் எச்டி டிவிடி இயக்ககத்தை 199 டாலருக்கு விற்றது. எக்ஸ்பாக்ஸ் 360இன் உயர் வகை 399 டாலர். இரண்டையும் கூட்டினால் 60 ஜிபி பிளேஸ்டேஷன் 3இன் விலைக்கு ஒரு டாலர்தான் குறைவு. ஆனால் கூடுதல் பெட்டியை விரும்பியவர் மட்டுமே வாங்குவார். உள்ளேயே இருக்கும் இயக்ககம் விளையாட வந்தவரையும் ப்ளூ-ரே உரிமையாளர் ஆக்கிவிடும். போட்டியின் முடிவு இந்த வேறுபாட்டில்தான் அடங்கியிருந்தது என்பது இக்கட்டுரையின் கருத்து.

விளையாட வாங்கியவர்கள் படவட்டு வாங்க மாட்டார்கள் என்று எச்டி டிவிடி அணியினர் வாதிட்டனர். ஒரு கருவிக்கு இத்தனை வட்டு என்ற சராசரியில் அந்த வாதத்துக்கு வலு இருந்தது. ஆனால் கருவிகளின் எண்ணிக்கை அந்தச் சராசரியை விழுங்கிவிட்டது. 2007 ஆகஸ்டில் பாரமவுண்ட் எச்டி டிவிடி பக்கம் சாய்ந்தது, நவம்பரில் தோஷிபாவின் பிளேயர் ஒன்று அமெரிக்கக் கடைகளில் 100 டாலருக்கும் கீழே இறங்கியது, எதுவும் பலிக்கவில்லை. 2008 ஜனவரி 4 அன்று வார்னர் இனி ப்ளூ-ரே மட்டுமே என்று அறிவித்தது. பிப்ரவரி 19 அன்று தோஷிபா எச்டி டிவிடியைக் கைவிட்டது.

மண்டலங்களும் பூட்டுகளும்

ப்ளூ-ரே படங்களுக்கு உலகம் மூன்று மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. தமிழர்கள் வாழும் நாடுகள் மூன்றிலும் சிதறிக் கிடக்கின்றன. இந்தியாவும் இலங்கையும் சி; சிங்கப்பூர், மலேசியா, கனடா ஏ; பிரிட்டன், பிரான்ஸ், ஆஸ்திரேலியா பி. மண்டலப் பூட்டு போட்ட வட்டை டொராண்டோவில் வாங்கிச் சென்னையில் வாங்கிய கருவியில் போட்டால் ஓடாது. பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுகள் அநேகமாக எந்த நாட்டுக் கருவியிலும் ஓடும் என்பதால், படங்களும் அப்படித்தான் என்று எண்ணி ஏமாந்தவர்கள் உண்டு. பூட்டு போடாத வட்டுகளும் ஏராளம். உறையின் பின்புறக் குறியைப் பார்த்து வாங்குவது நல்லது.

வட்டின் தரவு ஏஏசிஎஸ் என்ற மறைக்குறி முறையால் காக்கப்படுகிறது. அதன் சாவிகள் காலாவதியாகும். புதிய சாவி இல்லாத பிளேயர் புதிய வட்டைத் திறக்காமல் போகலாம். இதனால்தான், தயாரிப்பு நின்று பல ஆண்டுகள் கழித்து 2020களிலும், ப்ளூ-ரே சாவியைப் புதுப்பிப்பதற்காகவே பிளேஸ்டேஷன் 3க்கு மென்பொருள் வெளியானது. ஒலித்தடத்தில் ஒளித்துவைத்த குறியை அடையாளம் காணும் சினேவியா என்ற முறையும் 2009 இறுதியில் சேர்க்கப்பட்டது. திருட்டுப் பிரதி என்று தெரிந்தால் சற்று நேரத்தில் ஒலி அடங்கும் அல்லது படமே நிற்கும்.

பிந்தைய கருவிகள்

பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டும் 2013 நவம்பரில் ப்ளூ-ரே வசதியோடு வந்தன. 4 கே ப்ளூ-ரேயில் முந்தியது மைக்ரோசாஃப்ட். 2016 ஆகஸ்டில் 299 டாலருக்கு வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ் அந்த வட்டுகளை ஓட்டியது. அதே ஆண்டு நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 4 ப்ரோ ஓட்டவில்லை. ப்ளூ-ரேயை வெற்றிபெற வைத்த நிறுவனமே அடுத்த வடிவத்தைத் தன் சிறந்த கருவியில் விட்டுவிட்டது வருந்தத்தக்க முடிவு. 2020 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5 அதைச் சரிசெய்தது. ஆனாலும் வட்டிலிருந்து டால்பி விஷன் படத்தையும், முப்பரிமாண ப்ளூ-ரேயையும், பாட்டு சிடியையும் அது ஏற்பதில்லை. இயக்ககம் இல்லாத வகைகளும் அப்போதே வந்துவிட்டன. 2024 நவம்பரில் வெளியான பிளேஸ்டேஷன் 5 ப்ரோவில் இயக்ககத்தைத் தனியாகத்தான் வாங்க வேண்டும்.

இன்று வாங்குவோருக்கு

பிளேஸ்டேஷன் 3 மொத்தம் 8.7 கோடிக்கும் மேல் விற்றது. ஜப்பானில் தயாரிப்பு 2017இல் நின்றதால் இப்போது கிடைப்பவை பழைய கருவிகளே. முப்பரிமாணப் படமும் பாட்டு சிடியும் சேர்த்து ஓட்ட வேண்டுமானால் இன்றும் அது பயனுள்ள பிளேயர். மெலிந்த வகையே படம் பார்க்க ஏற்றது. வாங்குமுன் சரிபார்க்க வேண்டியது லேசர். டிவிடிக்கும் ப்ளூ-ரேக்கும் தனித்தனி லேசர் என்பதால் ஒன்று ஓடி மற்றொன்று ஓடாத கருவிகள் உண்டு. இயக்ககத்தின் மின்சுற்றுப் பலகை அந்தந்தக் கருவியின் தாய்ப்பலகையோடு பிணைக்கப்பட்டது. வேறொரு கருவியின் இயக்ககத்தை அப்படியே கழற்றி மாட்டினால் வேலை செய்யாது. எனவே ஒரு டிவிடியையும் ஒரு ப்ளூ-ரே படத்தையும் கையோடு கொண்டுபோய், இரண்டையும் சில நிமிடம் ஓட்டிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.