கணக்குப்பிள்ளையும் ஆடிட்டரும்

‘கணக்கையெல்லாம் ஆடிட்டர் பார்த்துக்கொள்வார்’ என்பது திண்டிவனம் மணிலா வியாபாரியும் விழுப்புரம் இரும்புக்கடைக்காரரும் ஒருபோல் சொல்லும் சொல். அது பாதி உண்மையே.

கணக்கெழுதுபவரின் பணி அன்றாடப் பணி. கொள்முதல், விற்பனை, ரொக்கம், பாக்கி ஆகியவற்றைப் பேரேட்டில் பதிந்து, வங்கிக் கணக்குடன் ஒப்பிடுகிறார். இதற்குச் சட்டம் எந்தப் பட்டத்தையும் கோருவதில்லை. ஆடிட்டர் எனப்படும் பட்டயக் கணக்காளரோ 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பதிவுபெற்றவர். அப்பதிவுகளை ஆராய்ந்து லாப நட்டத்தைக் கணிக்கிறார். வரி ஆலோசனை கூறுகிறார். தணிக்கைச் சான்று அளிக்கிறார்.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபின் இந்த வேறுபாடு பணமாகவே தெரிகிறது. ஒரு லட்சம் ரூபாய்க்குக் கம்பி வாங்கினால் வரி 18,000 ரூபாய். விற்றவர் அந்த ரசீதைத் தம் கணக்கில் காட்டாவிட்டால், வாங்கியவருக்கு உள்ளீட்டு வரிப் பயன் கிடைக்காது. மாதந்தோறும் ஒப்பிட்டு, விடுபட்டதைக் கேட்டுப் பெற வேண்டியவர் கணக்கெழுதுபவர். நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30-க்குள் கோராத தொகையைப் பிறகு எந்த ஆடிட்டராலும் மீட்டுத்தர இயலாது.

முழுநேர ஊழியர் கட்டுப்படியாகாத கடைக்கு வாரம் ஒருநாள் வந்து எழுதுபவர் போதும். ரசீதுகளைப் பையில் சேர்த்து ஆண்டிறுதியில் ஆடிட்டரிடம் ஒப்படைப்பது சிக்கனம் அன்று, நட்டம்.